விழாத மானை எண்ணியவள்

லவீனா கெர்ஹார்ட்டை எங்கள் பள்ளத்தாக்கில் பாதிப் பேருக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளாகத் தெரியும், மீதிப் பேருக்கு மான் அறுக்கிறவளாக. நவம்பர் கடைசியில் வேட்டை தொடங்கிவிட்டால், பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு வீட்டை ஒட்டிய கொட்டகைக்குள் நுழைந்து கத்தியை எடுத்துவிடுவாள். ஜனவரி நடுவரை இருநூறு, இருநூற்றைம்பது மான்கள் அவள் மேசைக்கு வரும். அவள் வெட்டித் தள்ளுவதை வெள்ளைத் தாளில் பொதிந்து, பெயர் எழுதி அடுக்குவது என் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறேன். பென்சில்வேனியாவின் இந்த வடக்கு மலைகளில் குளிர்காலத்தில் வேறு என்னதான் செய்வது?

அப்போது அவளுக்கு ஐம்பத்துநான்கு வயது. கணவர் வேலை தேடி ஓஹையோ போனவர், வேறொரு குடும்பமும் தேடிக்கொண்டார். அதைப் பற்றி அவள் பேசமாட்டாள். எதைப் பற்றியுமே அதிகம் பேசமாட்டாள். ஆனால் ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தால் விடமாட்டாள். அது பல் இடுக்கில் சிக்கிய நார் மாதிரி. நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருக்கும். கூட நிற்கிற எனக்குத்தான் தலைவலி.

அந்த வருடம் அவளுக்கு உறுத்தியது ஓர் ஈயக்குண்டு.

டிசம்பர் முதல் வாரம். வெளியூர்க்காரர் ஒருவர் ஒரு பெண்மானை இறக்கிவிட்டுப் போயிருந்தார். தோலை உரித்தபோது வலது தோள்பட்டையில் கோழிமுட்டை அளவுக்குக் கட்டி. லவீனா கத்தி முனையால் கீறினாள். சீழ் வழிந்தது. நாற்றம் தாங்காமல் நான் போய்க் கதவைத் திறந்து வைத்தேன். அவள் சீழுக்குள் விரலை விட்டுத் துழாவி ஒரு குண்டை எடுத்தாள். ஒரு பக்கம் சப்பையாக இருந்தது. தோள் எலும்பில் முட்டி அங்கேயே நின்றுபோயிருக்கிறது. எலும்பு விரிசல் விட்டு, பிறகு கோணலாகக் கூடியிருந்தது. குண்டைக் கழுவி, அளவெடுக்கும் இடுக்கியில் வைத்துப் பார்த்தாள்.

“நாப்பத்தஞ்சு,” என்றாள். “போன ஜனவரியில சுட்டது. பதினோரு மாசம் இதைச் சுமந்துகிட்டு நொண்டியிருக்கு.”

வெளியில் இருந்து வருகிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி மூன்று வாரம் எங்கள் மலைகளில் சிக்கிமுக்கித் துப்பாக்கிக் காலம். குழலின் வாயில் வெடிமருந்தைக் கொட்டி, எண்ணெய்த் துணியில் சுற்றிய உருண்டை ஈயக்குண்டைக் கோலால் இடித்து இறக்கி, கல்லில் தெறிக்கும் பொறியால் வெடிக்கிற துப்பாக்கிதான் அந்த மூன்று வாரமும். ஒரு வெடிதான். தவறினால் மறுபடி கெட்டிக்க ஒரு நிமிடம் ஆகும். மான் அதுவரை காத்திருக்காது. குழலின் துளை நாற்பத்துநான்குக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். ஓர் அங்குலத்தை நூறு பங்காக்கினால் அதில் நாற்பத்துநான்கு. நாற்பத்தைந்து, ஐம்பது, ஐம்பத்துநான்கு என்று ஆட்கள் பேசிக்கொள்வதெல்லாம் இந்தத் துளையின் அகலத்தைத்தான்.

மலைமேல் லவீனாவின் குடும்பத்துக்கு ஒரு வேட்டை வீடு உண்டு. கேம்ப் என்போம். ஒன்பது உறுப்பினர். அதில் பெண் லவீனா ஒருத்தி. என் வீட்டுக்காரர் நெவினும் ஒருவர். தலைமை லவீனாவின் அண்ணன் வில்லர்ட். ஒன்பது பேருடைய சிக்கிமுக்கித் துப்பாக்கிகளையும் பொருத்திக் கொடுத்தது வில்லர்ட்தான், ஒன்பதும் நாற்பத்தைந்து. ஒரே அச்சில் எல்லாருக்கும் குண்டு வார்க்கலாம், ஒருவருக்குத் தீர்ந்தால் இன்னொருவர் கொடுக்கலாம், மருந்தும் குறைவாகச் செலவாகும், தோளிலும் உதைக்காது. அவர் சொன்னதில் தப்பொன்றும் இல்லை.

அந்தப் பெண்மானை விட்டுப்போன வெளியூர்க்காரர் மறுநாள் வந்து இறைச்சி ஏன் இவ்வளவு குறைவு என்று குதித்தார். லவீனா திருடிவிட்டாள் என்று சொல்லாத குறைதான். ஒதுக்கி வைத்திருந்த அழுகிய தோள்பட்டையை அவள் கொண்டுவந்து காட்டினாள். அதற்கும் அவர் முணுமுணுத்துக்கொண்டேதான் போனார். அவர் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அந்தக் குண்டின் மேல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு வேட்டை கிடையாது. அன்று அதை எடுத்துக்கொண்டு வில்லர்ட்டின் பட்டறைக்குப் போனாள். நெவின் அங்கே ஈயம் உருக்க உதவிக்கொண்டிருந்தார், அதனால் நடந்தது எனக்குத் தெரியும். லவீனா குண்டை அண்ணன் முன்னால் வைத்து, கேம்ப்பில் இனி ஐம்பதுக்குக் குறைந்து யாரும் சுடக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள். வில்லர்ட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“சட்டமே நாப்பத்திநாலு போதும்ங்குது.”

“போதும்னு சொல்லலை. அதுக்குக் கீழ போகாதேன்னு சொல்லுது.”

“இந்தத் துப்பாக்கியில நாப்பத்தியோரு மான் விழுந்திருக்கு, லவீனா. தெரியுமில்ல?”

“விழாத மானை யாரு எண்ணினா?”

நெவின் உலையைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். வில்லர்ட் அவசரப்படாமல் கையுறையைக் கழற்றினார்.

“நீ எண்ணினியா? போன ஜனவரியில ஓடைப் பக்கம் சுட்டுட்டு, தவறிடுச்சுன்னு வந்து சொன்னியே. இது ஏன் அதா இருக்கக் கூடாது?”

அவள் குண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.  மூன்றாம் நாள், ஒரு தொடையை எலும்பிலிருந்து பிரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். “ட்ரூடி, நான் அன்னிக்குத் தவறலை.”

எண்பது கஜத் தூரத்தில் நின்ற பெண்மான். சுட்டதும் முதுகை வளைத்து ஒரு துள்ளு துள்ளியது. பனியில் ரத்தம் இருந்தது. கருஞ்சிவப்பு, நுரை இல்லை. நுரைத்த ரத்தம் என்றால் நுரையீரல், மான் அருகில்தான் விழுந்திருக்கும். இது அப்படியில்லை. மூன்று மணி நேரம் பின்தொடர்ந்தாள். தடம் ஓடையைத் தாண்டி ஆர்வில்லா கூன்ஸின் நிலத்துக்குள் போயிற்று. அங்கே இருபது அடிக்கு ஒரு மஞ்சள் பலகை, உள்ளே வராதே என்று. ஆர்வில்லா வேட்டைக்காரர்களைக் கண்டாலே கத்துகிறவர். லவீனா ஓடைக் கரையில் நின்று யோசித்தாள். குளிர், இருட்டு கட்டுகிறது, அந்தக் கிழவியிடம் போய்ப் பேச மனமில்லை. திரும்பிவிட்டாள். கேம்ப்பில் எல்லாரும் கேட்டபோது தவறிவிட்டது என்றாள்.

“யாரும் அதுக்கு மேல கேக்கலை. அதுதான் வசதியா இருந்துச்சு,” என்றாள்.

அதன் பிறகு அவள் ஐம்பத்துநான்கு தேட ஆரம்பித்தாள். ஊர்க் கடையில் இருந்தவர் முதலில் அவளிடம் புதுமாதிரித் துப்பாக்கி ஒன்றை நீட்டினார். சிக்கிமுக்கிக் காலத்தில் அதைத் தொடவே கூடாது என்பது கடைக்காரருக்குத் தெரியாதா என்ன? பிறகு, ஐம்பத்துநான்கு பெண்கள் தோளுக்கு ஆகாது, நாற்பத்தைந்தே நல்லது என்றார். பிள்ளைகள் அடைத்த பேருந்தைப் பனிச் சாலையில் முப்பது வருடமாகத் திருப்புகிற தோள் அது. அவள் வெளியே வந்துவிட்டாள். கார் கதவை அறைந்து சாத்திய சத்தம் எனக்கு நினைவிருக்கிறது.

கடைசியில் அடுத்த பள்ளத்தாக்கில் ஒருவரிடம் பழையது ஒன்று கிடைத்தது. எட்டுப் பட்டைக் குழல், தூக்கினால் கடப்பாரை கனம். அதன் குண்டையும் நாற்பத்தைந்தின் குண்டையும் இறைச்சித் தராசில் மாற்றி மாற்றி வைத்துக் காட்டினாள். அகலத்தில் வித்தியாசம் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. எடையில் இது அதைப்போல ஒன்றே முக்கால் மடங்கு. உருண்டைக் குண்டு காற்றில் சீக்கிரமே வேகம் இழக்கும், அதற்குப் பிறகு எலும்பை உடைத்துக்கொண்டு உள்ளே போக எடை மட்டும்தான் கைகொடுக்கும் என்று விளக்கினாள். எனக்குப் புரிந்தது. புரியாதவர்களிடம்தான் அவளுக்கு வேலை இருந்தது.

துப்பாக்கி அவளுக்கு எளிதாக வசப்படவில்லை. வீட்டுக்குப் பின்னால் மண் மேட்டில் காகிதத் தட்டு ஒன்றை ஆணியடித்து, பேருந்து வேலை முடிந்து வெளிச்சம் இருக்கும்வரை சுடுவாள். ஐந்து வெடிக்கு இரண்டு தட்டில் பட்டால் அதிகம். ஒருநாள் கல்லில் பொறி வரவில்லை. இன்னொரு நாள் பொறி வந்து, குழலுக்கு வெளியே கிண்ணியில் போட்ட பற்றுமருந்து மட்டும் புஸ்ஸென்று எரிந்து, குழலுக்குள் மருந்து அசையாமல் கிடந்தது. குண்டைச் சுற்றிய துணி எரிந்து கந்தலாக விழுந்தது. மெல்லிய துணிக்குப் பதில் கெட்டியான தலையணைத் துணி வாங்கிக் கிழித்தாள். மருந்தைக் கூட்டினாள், குறைத்தாள், கல்லை மாற்றினாள். முகத்தில் கரியோடு கொட்டகைக்குள் வந்து, யார் மேல் என்று தெரியாத எரிச்சலில் கத்தியைத் தீட்டுவாள்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்புதான் அறுபது கஜத்தில் ஐந்துக்கு ஐந்து தட்டில் விழுந்தது. எண்பதுக்குப் போனாள், மூன்றுதான். எழுபது, நான்கு. அப்போது அவள் என்னிடம் சொன்னது எனக்குப் பிடித்தது. “பெரிய குண்டுன்னா தூரமா சுடலாம்னு நினைச்சிட்டிருந்தேன். இல்லை. அறுபதுதான் என் எல்லை. அன்னிக்கு எம்பதுல சுட்டதும் தப்பு, நாப்பத்தஞ்சுல சுட்டதும் தப்பு. ரெண்டையும் நான்தான் செஞ்சேன்.”

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சிக்கிமுக்கி வேட்டை தொடங்கியது. கேம்ப்பில் வழக்கம் என்னவென்றால், நாலைந்து பேர் வரிசையாகக் காட்டுக்குள் நடந்து மான்களைக் கிளப்புவார்கள், மற்றவர்கள் மேட்டில் நின்று சுடுவார்கள். மூன்றாம் நாள் லவீனா நின்ற இடத்துக்குக் கீழே ஒரு பெண்மான் வந்து நின்றது. பக்கவாட்டில், மரம் எதுவும் மறைக்காமல். எழுபத்தைந்து கஜம் இருக்கும். அவள் துப்பாக்கியை உயர்த்தி, கணக்குப் பார்த்து, இறக்கிவிட்டாள். மான் நிதானமாக நடந்துபோனது. கீழே இடுப்பளவு முட்புதரில் அதைக் கிளப்பிக்கொண்டு வந்தவர் வில்லர்ட். மூச்சிரைக்க மேலே வந்து, ஏன் சுடவில்லை என்று கேட்டார். தூரம் என்றாள்.

“பீரங்கி வாங்கி வெச்சிருக்கே, தூரமாம்,” என்றார் வில்லர்ட். எல்லாரும் சிரித்தார்கள். நெவினும் சிரித்திருப்பார், என்னிடம் சொல்லவில்லை.

மறுநாள் நாற்பது கஜத்தில் இன்னொன்று. விசையை அழுத்தினாள். கிண்ணி மருந்து எரிந்தது, உள்ளே பற்றவில்லை. மான் அந்தப் புகையைப் பார்த்துவிட்டுப் பறந்தது. அன்று மாலை முழுக்கக் கேம்ப்பில் அவளுக்குப் பெயர் ‘புகை போடுறவ’ என்று ஆயிற்று. அதற்கடுத்த நாள் ஈரப்பனி, யாருடைய மருந்தும் காயவில்லை. அவள் துப்பாக்கியை மேல்கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு காலை முதல் பிற்பகல் வரை நின்றுவிட்டு வந்தாள்.

டிசம்பர் முப்பத்தொன்று, காலை பத்து மணி இருக்கும். வில்லர்ட் சுட்டார். மான் அவரைப் பார்த்துச் சாய்வாக நின்றிருக்கிறது, ஐம்பது கஜத்துக்குள்தான். தோளில் பட்டு, முன்னங்கால் ஒன்று தொங்க, மூன்று காலில் ஓடியது. எல்லாரும் சேர்ந்து ஒரு மணி நேரம் தடம் பார்த்தார்கள். தடம் நேராக ஓடைக்குப் போய், அந்தக் கரையில் மஞ்சள் பலகைகளுக்குள் நுழைந்தது. வில்லர்ட் பெருமூச்சு விட்டார். அந்தக் கிழவி விடமாட்டாள், தோள் காயம்தான், ஆறிவிடும் என்றார்.

“ஆறும்,” என்றாள் லவீனா. “ஆறினதை நான் அறுத்துப் பாத்திருக்கேன்.”

அவள் துப்பாக்கியை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, பாலத்தைச் சுற்றிக்கொண்டு ஒன்றரை மைல் நடந்து ஆர்வில்லாவின் வீட்டுக்குப் போனாள். இதை அவளே எனக்குச் சொன்னாள். ஆர்வில்லாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. கிறிஸ்துமஸ் மரம் வளர்த்து விற்கிறவர், தனியாள். கதவை ஒரு சாண் திறந்து, வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சுத் தொப்பியைப் பார்த்ததும் மூடப் போனார். லவீனா மரியாதையாகப் பேசினாள். அடிபட்ட மான் ஒன்று உங்கள் நிலத்துக்குள் வந்திருக்கிறது, தேடி முடித்துவிட அனுமதி வேண்டும் என்றாள்.

“இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சுதா?” என்றார் ஆர்வில்லா. “போன ஜனவரியில என் வேலிக்குப் பக்கத்துல ஒண்ணு கிடந்துச்சு. நாலு நாள் எழுந்திருக்கவும் முடியலை, சாகவும் முடியலை. அஞ்சாம் நாள்தான் செத்துச்சு. துப்பாக்கி இல்லாத வீடு இது. நான் ஜன்னல்ல நின்னு பாத்துட்டே இருந்தேன். கேம்ப்புக்கு போன் பண்ணினா யாரும் எடுக்கலை.”

 எந்த வாரம் என்று லவீனா கேட்டாள். ஆர்வில்லா சொன்னார். எந்தப் பக்கம் காயம் என்று கேட்டாள். அதையும் சொன்னார். அப்படியானால் கொட்டகையில் கிடைத்த குண்டு வேறு யாருடையதோ.

“அது என்னோடது, மிசஸ் கூன்ஸ்,” என்றாள் லவீனா. “நான்தான் சுட்டேன். ஓடை வரைக்கும் வந்துட்டு, உங்ககிட்டக் கேக்கப் பயந்து திரும்பிட்டேன். கேம்ப்புல தவறிடுச்சுன்னு பொய் சொன்னேன்.”

 ஆர்வில்லா கதவை நன்றாகத் திறந்து, சுவரில் தொங்கிய மேல்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். நானும் வருகிறேன், எந்த வரிசை மரங்களுக்குள் படுக்கும் என்று எனக்குத் தெரியும் என்றார்.

லவீனா திரும்பி நடந்து துப்பாக்கியை எடுத்து வந்தாள். கிழவியும் அவளும் இரண்டு மணி நேரம் தேடினார்கள். அடர்ந்த மர வரிசைக்குள் மான் படுத்திருந்தது, தலை நிமிர்ந்திருந்தது. இருபது கஜத்திலிருந்து ஐம்பத்துநான்கால் சுட்டாள். கல் இந்தத் தடவை சரியாகப் பொறி விட்டது. தலை சாய்ந்தது, அவ்வளவுதான். ஆர்வில்லா காதைப் பொத்திக்கொண்டு நின்றாராம். பிறகு, “இப்படித்தானே இருக்கணும்?” என்று மட்டும் கேட்டாராம்.

உயிரை எடுத்த குண்டு யாருடையதோ அவர்தான் தன் வேட்டை உரிமத்தோடு வரும் சீட்டை மானில் கட்டி, அதைத் தன் கணக்கில் வைக்க வேண்டும். லவீனா தன் சீட்டைக் கட்டினாள். பிற்பகல் அதை இழுத்துக்கொண்டு பாலம் வழியாக வந்தபோது, கேம்ப்பில் வில்லர்ட் வாசலில் நின்றார். நான் சுட்ட மானை மறுபடி சுட்டுவிட்டு உன் சீட்டைக் கட்டியிருக்கிறாயே என்றார். நாலு மணி நேர நடை, அந்தக் கிழவி, அந்த வேலியோரம், எதையும் அவர் கேட்கவில்லை. லவீனாவுக்கு வந்த கோபத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைப் பார்த்து அவர்கள் அவள் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டது அவளுக்கு இன்னும் கோபம்.

மறுநாள் புத்தாண்டு, ஞாயிற்றுக்கிழமை. கேம்ப்பில் அன்று எல்லாரும் சேர்ந்து பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோஸும் சாப்பிட்டு, அந்த வருடத்துக்கான முடிவுகளை உறுப்பினர்கள் எடுப்பார்கள். குடும்பங்களும் போவோம். அன்று காலை விடிந்ததுமே லவீனா என்னைக் கூப்பிட்டு அந்த மானை அறுத்தாள். வில்லர்ட்டின் குண்டு தோள் எலும்பை நொறுக்கி, ஒரு விரற்கடை உள்ளே போய், அங்கேயே நின்றிருந்தது. நெஞ்சுக்கூட்டுக்குள் போகவே இல்லை. அவள் அந்தத் தோள்பட்டையை அப்படியே ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வைத்துக் கேம்ப்புக்குத் தூக்கி வந்தாள். வேண்டாம், சாப்பிடுகிற இடம் என்றேன். கேட்கவில்லை. முட்டைக்கோஸ் பாத்திரத்துக்குப் பக்கத்தில் தொட்டியை வைத்தாள்.

இரண்டு மூன்று பேர் தட்டைத் தள்ளி வைத்தார்கள். வில்லர்ட் எழுந்து வந்து, குனிந்து நிஜமாகவே பார்த்தார். விரலால் எலும்பைத் தொட்டும் பார்த்தார்.

“சாய்வா நின்னுச்சு. அந்தக் கோணத்துல உன் அம்பத்திநாலு மட்டும் உள்ள போயிருக்குமா?”

“போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம்,” என்றாள் லவீனா. “அந்தக் கோணத்துல நான் சுட்டிருக்கவே மாட்டேன்.”

“அப்ப தப்பு என் மேலயா, துப்பாக்கி மேலயா? முடிவு பண்ணிச் சொல்லு.”

“ரெண்டுமேதான், வில்லர்ட். ஒவ்வொரு தடவையும் ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணை விட்டுடறோம். நானும் அதைத்தான் செஞ்சேன்.”

பிறகு அவள் போன வருடத்துப் பொய்யை எல்லார் முன்னாலும் சொன்னாள். நாலு நாள் வேலியோரம் கிடந்ததையும் சொன்னாள்.  ஆர்வில்லாவின் போனை எடுக்காதவர்களும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். ஐம்பதுக்குக் குறைந்த துளை வேண்டாம், அறுபது கஜத்துக்கு மேல் வேண்டாம் என்று அவள் இரண்டு விதிகளை முன்வைத்தாள். நாற்பத்தைந்தை வைத்துக்கொண்டு மிக அருகில், பக்கவாட்டில் நின்றால் மட்டும் சுடுவோமே என்று ஒருவர் சமாதானம் பேசினார். அதில் நியாயம் இருந்தது. ஆனால் அவள் அந்த நேரத்தில் இறங்கி வருகிற நிலையில் இல்லை. அப்படிச் சொல்லித்தானே வில்லர்ட் ஐம்பது கஜத்துக்குள் சுட்டார் என்றாள்.

காப்பி டப்பாவில் சீட்டுப் போட்டு வாக்கெடுத்தார்கள். நாலுக்கு ஐந்து. தோற்றுவிட்டாள். ஒரே ஒரு வாக்கு. நெவின் எந்தப் பக்கம் போட்டார் என்று வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன், சாலை வழுக்குகிறது என்றார். இன்றைக்கு வரை அந்தச் சாலை வழுக்கிக்கொண்டுதான் இருக்கிறது.

லவீனா தொட்டியைத் தூக்கிக்கொண்டு, கேம்ப் சாவியை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். யாராவது நிறுத்துவார்கள் என்று எதிர்பார்த்தாளா என்று தெரியாது. யாரும் நிறுத்தவில்லை. அந்த ஜனவரி முழுக்க அவள் வேட்டைக்குப் போகவில்லை. கொட்டகையில் சீழ்க் கட்டியோ பழைய குண்டோ அகப்பட்டால் உரியவரைக் கூப்பிட்டு நிறுத்திக் காட்டுவாள். சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர் அடுத்த வருடம் வேறிடத்தில் அறுக்கக் கொடுத்தார்கள்.

அடுத்த டிசம்பரில் ஆர்வில்லா அவளுக்குப் போன் செய்தார். என் கன்றுகளை மான்கள் மொட்டையடிக்கின்றன, சுடத் தெரிந்த ஒருத்தி வந்தால் போதும், கூட்டம் வேண்டாம் என்றார். லவீனா அங்கே தனியாக நின்றாள். நாலு மானை விட்டுவிட்டு ஐந்தாவதை நாற்பத்தைந்து கஜத்தில் சுட்டாள். முப்பது அடி போய் விழுந்தது. அதற்கடுத்த வருடம் சுட்டது முந்நூறு கஜம் ஓடியது. நுரைத்த ரத்தம்தான், தடம் பார்த்து எடுத்துவிட்டாள், ஆனால் ஒரு வாரம் அதையே சொல்லிப் பொருமினாள். கை ஆடிவிட்டது, கொஞ்சம் பின்னால் பட்டுவிட்டது என்று. ஐம்பத்துநான்கு இருந்தும் இப்படியா என்று நான் வாய் தவறிக் கேட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வில்லர்ட் மூன்றாம் வருடம் கேம்ப்புக்குப் புதிய துப்பாக்கியோடு வந்தார். ஐம்பது. பழையதன் விசைப்பூட்டு உடைந்துவிட்டது, கிடைத்ததை வாங்கினேன் என்று எல்லாரிடமும் சொன்னார். அந்தப் பூட்டு உடையவில்லை, பட்டறையில் தொங்குகிறது, நானே இழுத்துப் பார்த்தேன் என்கிறார் நெவின். இப்போது அந்த ஒன்பதில் பாதிக்கு மேல் ஐம்பது ஆகிவிட்டது. விதி எதுவும் போடவில்லை. லவீனாவைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை.

இதைக் கேள்விப்பட்ட அன்று அவளுக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். கொட்டகையை மூன்று தடவை கழுவினாள். “வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?” என்றாள். தரையைக் கழுவிய தண்ணீர் என் காலணிக்குள் போனது.

போன ஜனவரியில் வில்லர்ட்டே ஒரு பெண்மானைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். அத்தனை வருடத்தில் முதல் தடவை. மேசையில் போட்டுவிட்டுப் போகாமல் கதவோரம் நின்றார். லவீனா தோலை உரித்தாள். விலா எலும்புகளுக்கு இடையே குண்டு நுழைந்து, இரண்டு நுரையீரலையும் துளைத்து, அந்தப் பக்கம் வெளியேறியிருந்தது. பத்தடி போயிருக்காது. வில்லர்ட் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டு நின்றார். அவள் பார்த்தாள், பார்த்தது அவருக்கும் தெரிந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் தொடையைப் பிரிக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

வண்டிச் சத்தம் தேய்ந்ததும் நான் அவளிடம் கேட்டேன், நல்ல வெடி என்று ஒரு வார்த்தை சொன்னால் என்னவாம் என்று.

“முதல்ல அவன் சொல்லட்டும்,” என்றாள் லவீனா.